ஆறுதலின் இலக்கணம்: கூடியமர்ந்து பேசும் குழுக்களும் தோட்டத் தமிழும்



மொழியியல் படித்தவன் மனநலத்தோடு தொடர்புடைய ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருப்பது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இது நானே கேட்டுப் பெற்ற தலைப்பு. அதற்குக் காரணம் என்னுடைய ஒரு தோல்வி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணி ஓய்வு பெற்ற புதிதில், ஒரு தொண்டு அமைப்பினர் என்னைத் தேடி வந்தனர். தோட்டங்களிலும், தோட்டங்களிலிருந்து வெளியேறியோர் வாழும் குடியிருப்புகளிலும் சிறு குழுக்களைத் தொடங்க அவர்கள் திட்டமிட்டிருந்தனர். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்வார்கள்; பயிற்சி பெற்ற ஒருவர் நடத்திச் செல்வார்; வந்தவர்கள் தம் வேலையில், வீட்டில், மனத்தில் உள்ள பாரத்தைப் பேசுவார்கள். அதற்கான கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கித் தர வேண்டும் என்றனர். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். கலைச்சொல்லாக்கத்தில் பல்லாண்டு பழகியவன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. குழுவை நடத்துபவரை ‘ஏதுவாக்குநர்’ என்றேன். பட்டறிவைத் திரும்பிப் பார்ப்பதை ‘மீள்நோக்குச் சிந்தனை’ என்றேன். அச்சமின்றிப் பேசத்தக்க சூழலைப் ‘பாதுகாப்பான வெளி’ என்றேன். நாற்பது பக்கங்கள் வந்தன. படித்த நண்பர்கள் பாராட்டினார்கள்.

ஜாசின் மாவட்டத்தில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் முதற்கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். நடத்த வந்த இளம்பெண் என் கையேட்டைப் பார்த்து, “இது ஒரு பாதுகாப்பான வெளி” என்று தொடங்கினாள். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, “வெளியிலயாம்மா உக்காரணும்? மழ வர்ற மாதிரி இருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தனர். பின்னர் அப்பெண், “உங்கள் உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்” என்றாள். சற்று நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் ஒரு பெரியவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழுணர்வு குன்றிவருவதைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கிவிட்டு அமர்ந்தார். அவர்மேல் பிழையில்லை. ‘உணர்வு’ என்ற சொல்லை அவர் வாழ்நாளெல்லாம் மேடையில்தான் கேட்டிருக்கிறார்.

கூட்டம் அப்படியே முடிந்தது. தேத்தண்ணி ஊற்றினார்கள். அண்டாவுக்கு அருகில் இரண்டு பெண்கள் நின்றிருந்தனர். ஒருத்தி மற்றவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ராத்திரியில நெஞ்ச அடைக்குதுக்கா. மவன வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்க. யாரு கூடயும் பேச மாட்டேங்கிறான். அறைய விட்டு வரமாட்டேங்கிறான்.” கேட்டவள் “ம்” என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் “ம்” என்றாள். மண்டபத்தில் எந்தப் பேச்சுக்காக நாங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோமோ, அந்தப் பேச்சு அண்டாவுக்கு அருகில் நடந்துகொண்டிருந்தது. என் நாற்பது பக்கத்தில் ஒரு சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை.

அன்று முதல் இப்பொருளை ஒரு மாணவனைப் போலப் படித்து வருகிறேன். படித்ததில் சிலவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

இத்தகைய குழுக்கள் வேற்றுநாட்டுப் புதுமை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அவற்றின் இன்றைய வடிவத்துக்கு மேலைநாட்டு வரலாறு இருப்பது உண்மைதான். 1935 இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த பில் வில்சன் என்பவர், அதே நிலையில் இருந்த பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைச் சந்தித்துப் பேசியதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பிறந்தது. 1950களில் இலண்டனில் மைக்கேல் பாலிண்டும் அவர் மனைவி ஈனிட் பாலிண்டும் குடும்ப மருத்துவர்களை வட்டமாக அமரவைத்து, அவர்களை வாட்டும் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தனர். அங்கே மருத்துவர் தம் சிகிச்சையை விளக்குவதைவிட, அந்த நோயாளி தம் மனத்தில் எழுப்பிய சலிப்பையும் சினத்தையும் சொல்வதே முதன்மை. இன்னொரு வகை பாஸ்டன் நகரில் தோன்றியது. கென்னத் சுவார்ட்ஸ் என்னும் வழக்கறிஞர் 1995 இல் நுரையீரல் புற்றுநோயால் இறக்குமுன், மருந்தைவிடத் தம்மைத் தாங்கியது பணியாளர்களின் கனிவே என்று எழுதினார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம், மருத்துவமனைப் பணியாளர்கள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து தம் பணியின் மனச்சுமையைப் பேசும் அமர்வுகளைத் தொடங்கியது. அவை இன்று பல நாடுகளில் நடக்கின்றன.

இனி நம்மிடம் உள்ளவற்றைப் பார்ப்போம்.

தமிழ் வழங்கும் மூன்று நாடுகளில் இத்துறைக்கு மூன்று வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. மலேசியாவில் நாம் ‘ஆலோசனை’ என்கிறோம். பேச்சில் ‘கவுன்சலிங்’ என்கிறோம். இலங்கையில் ‘உளவளத்துணை’ என்கின்றனர். தமிழ்நாட்டில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல் பரவியிருக்கிறது. மூன்றும் ஒரே பணியைக் குறிப்பனவாயினும் மூன்றுக்குள்ளும் மூன்று உறவுகள் உள்ளன. ஆலோசனை என்றால் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். உளவளத்துணை என்றால் ஒருவர் மற்றவரோடு உடன் வருவார். இலங்கைத் தமிழர் போரின் நடுவில் இச்சொல்லைப் பயின்றனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரும் சாந்திகம் என்னும் நிறுவனமும் செய்த பணியில், தனியொருவரின் நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், ஊரே அடைந்த காயத்துக்கு ஊரையே கூட்டிப் பேசவைப்பது எவ்வாறு என்ற கேள்வி இருந்தது. சடங்குகளையும் ஒப்பாரியையும் அவர்கள் மூடப்பழக்கம் என்று ஒதுக்காமல் ஆறும் வழிகளாகக் கண்டனர்.

மூன்றாவது சொல்லில் ஆசிரியர்கள் தயங்கி நிற்க வேண்டும். ஆற்றுப்படுத்துதல் என்பதை ‘ஆற்றுதல்’, அதாவது ஆறுதல் கூறுதல் என்று பலர் பொருள் கொள்கின்றனர். இதில் வரும் ஆறு, வழி என்னும் பெயர்ச்சொல். வழிப்படுத்துதலே இதன் பொருள். பத்துப்பாட்டில் நீங்கள் கற்பிக்கும் ஆற்றுப்படை நூல்களை எண்ணிப்பாருங்கள். அங்கே வழிகாட்டுபவன் யார்? பரிசில் பெற்ற பொருநன், பரிசில் பெறாத பொருநனுக்கு வழி சொல்கிறான். பாணன் பாணனுக்குச் சொல்கிறான். நேற்று வரை அதே பசியில், அதே சுற்றத்தோடு, அதே வழியில் அலைந்தவன் அவன். புலவரோ அமைச்சரோ அங்கே வழிகாட்டுவதில்லை. ஆக்ரன் நகரில் 1935 இல் ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசியது இதே அமைப்புத்தான். தமிழாசிரியர்கள் ஆற்றுப்படையை மன்னரின் கொடைச் சிறப்புக்காகவே கற்பித்து வந்திருக்கிறோம். துன்பத்தில் தோழமை என்ற கோணத்தில் அதை ஒரு வகுப்பிலாவது கற்பித்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

‘ஆறுதல்’ என்ற சொல்லின் வேராகிய வினை இதனினும் வேறு. காப்பி ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. நம் நாட்டில் காலையுணவுக்கே ‘பசியாறல்’ என்ற அழகிய பெயர் நிலைத்திருக்கிறது. “பசியாறிட்டிங்களா?” என்ற கேள்வியோடு நாளைத் தொடங்குபவர்கள் நாம். ஆறு என்பது தன்வினை, ஆற்று என்பது பிறவினை. கடையில் ‘தே தாரேக்’ ஆற்றுபவரைப் பாருங்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றுவதன்றி அவர் வேறொன்றும் செய்வதில்லை. குளிரூட்டும் பொருள் எதையும் அவர் சேர்ப்பதில்லை. ஆறுவது தேநீர்தான்.

தோட்டத்திலும் மக்கள் கூடும் வகைகள் பல இருந்தன. முதலாவது பெரட்டு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றால் கிராணி பெயர் வாசிப்பார், தண்டல் வேலை பிரிப்பார். நூறு பேர் கூடுவார்கள், பேசுபவர் இருவரே. பெயருக்கு விடை சொல்வதைத் தவிர அங்கே தொழிலாளிக்கு வாய் இல்லை. மண்டபத்தில் நாங்கள் நாற்காலி போட்டு, வருகைப் பதிவேட்டோடு கூட்டத்தைத் தொடங்கியபோது முதியவர்கள் நினைவில் எழுந்தது பெரட்டாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது பஞ்சாயத்து. கோயில் முற்றத்தில் பெரியவர்கள் அமர்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். ஒருவன் தன் துன்பத்தைப் பலர்முன் சொன்னால் முடிவில் ஒரு தீர்ப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு நம்மவர் உள்ளத்தில் இதனால் ஊறியிருக்கிறது. தீர்ப்பை அஞ்சியே பலர் பேசுவதில்லை.

மூன்றாவதைப் பெண்கள் நடத்தினார்கள். ‘கூட்டு’ என்னும் பணச்சேர்ப்பு அது. மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவருக்குக் கொடுப்பார்கள். இதை ஆதாயத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. சட்டம் பணத்தைத்தான் பார்த்தது. அந்தப் பணத்தைச் சாக்கிட்டு லயத்து வாசலில் பத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை அமர்ந்தபோது யார் வீட்டில் அடி, யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு மங்கு கழுவக்கூட முடியாத இடுப்புவலி என்பதெல்லாம் அங்கேதான் வெளிவந்தன.

நான்காவது ஒப்பாரி. ஒப்பாரி என்ற சொல்லுக்கு ஒப்புமை என்ற பொருளும் அகராதியில் உண்டு. இழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக அமர்ந்து அழும்போது, ஒருத்தி இறந்தவரைப் பாடத் தொடங்கித் தன் தாயின் சாவுக்குப் போய், தன் கணவனின் கொடுமைக்குப் போய், தன் வறுமைக்குப் போய்விடுவாள். இறந்தவருக்காக ஒருவரும் அழுவதில்லை என்ற பொருளிலேயே இசபெல் கிளார்க்-டெசே என்னும் மானிடவியலாளர் தமிழர் ஒப்பாரி பற்றிய தம் நூலுக்கு 2005 இல் பெயர் வைத்தார். அதைக் குறையாகச் சொன்னார் என்று நான் கொள்ளவில்லை. ஒரு பெண் தன் துயரைத் தன் பெயரில் சொல்ல முடியாத சமூகத்தில், அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த உரிமம் அந்த இழவு. அடுத்தவள் அதைக் கேட்டுத் தன் ஒப்பைச் சேர்ப்பாள். “நீ ஏன் அப்படிச் செய்தாய்?” என்று ஒப்பாரியில் யாரும் கேட்பதில்லை. அறிவுரை கூறாமல் கேட்பது நம்மவர்க்கு வராத கலை என்று சொல்பவர்களுக்கு நான் இதையே எடுத்துக்காட்டுவேன். ஆண்களுக்கு இத்தகைய இடம் கள்ளுக்கடை ஒன்றே என்பது வேதனையான உண்மை.

மலாக்காவுக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். மலாயாவின் வணிகமுறை ரப்பர்ப் பயிர் தொடங்கிய மாநிலமே இதுதான். டான் சாய் யான் 1896 இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா மரம் நட்டார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் கண்டார். அந்த ஆசாஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள்தாம் 1967 இல் தம் குறைகளைச் சொல்லக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவு அது. கூடிக் குரல் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர். உரிமைக்காகக் கூடினார்கள், கோயிலுக்காகக் கூடினார்கள். பின்னர்க் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்துப் பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்குச் சுழல்முறை வேலைக்குப் போனார்கள். தோட்டத்தோடு பெரட்டு ஒழிந்தது; அதற்கு நான் வருந்தவில்லை. லயத்து வாசலும் அதோடு போயிற்று. அடுக்குமாடி வீட்டின் கதவுக்கு முன்னால் பத்துப் பெண்கள் அமர இடமில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றும் இடம் நான்கு என்கிறார். இகழப்படுதல், உரியதை இழத்தல், வறுமை ஆகிய மூன்றும் எளிதில் விளங்கும். நான்காவது அசைவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துதல் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். தோட்டம் விட்டு வந்தோரின் துயரைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். அவர்களுள் பலருக்கு இன்று வறுமை இல்லை. பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், கார் நிற்கிறது. ஆனாலும் அசைவு தீரவில்லை. அதற்குப் பெயர் தெரியாததால், குடியென்றும் கோபமென்றும் தூக்கமின்மையென்றும் வேறு பெயர்களில் அது நடமாடுகிறது. நம் நாட்டின் தேசியத் தற்கொலைப் பதிவேட்டு அறிக்கைகளில், மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது இந்தியர் விகிதம் மற்ற இனத்தாரைவிட உயர்ந்திருந்தது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப்பிரிவு 2023 இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று ஒரு குழுவில் சொல்வதற்கும் ஓர் அச்சம் இருந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். குழுவில் மக்கள் பேசும் தமிழை உற்றுக் கேட்டதில் மூன்று செய்திகள் எனக்குப் புலப்பட்டன.

 தமிழில் துயரப்படுபவர் பெரும்பாலும் எழுவாயாவதில்லை. ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’, ‘அவளுக்குப் பயம் வந்துவிட்டது’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். துன்பம் ஒருவரிடத்தில் வந்து இருக்கிறது, அவரே துன்பமாகிவிடுவதில்லை. இது பெரிய வசதி. ‘நான் குடிகாரன்’ என்று எழுந்து நின்று சொல்லச் செய்யும் அமெரிக்க முறை நம்மவர் நாவில் கூசுவதற்கு வெட்கம் மட்டும் காரணமாகாது. தமிழ்நாட்டில் ‘குடிகாரன்’ என்பதை விட்டுக் ‘குடிநோய்’, ‘குடிநோயாளி’ என்று மாற்றிக்கொண்டார்கள். “எனக்குக் குடிநோய் இருக்கு” என்று ஒருவரால் சொல்ல முடிகிறது. மேலும், துயரத்தை நம்மவர் உடம்பில் வைத்தே சொல்கிறார்கள். நெஞ்சை அடைக்கிறது, வயிறு எரிகிறது, கை கால் ஓடவில்லை, மனசு ஆறவில்லை என்பார்கள். இதைக் கேட்டு, “உடம்பை விடுங்கள், உங்கள் உணர்வு என்ன?” என்று நடத்துபவர் கேட்டால் திறந்த கதவைச் சாத்துகிறார் என்று பொருள். தொல்காப்பியரும் இதனை மெய்ப்பாடு என்று மெய்யில் வைத்துத்தானே பேசினார்?

இரண்டாவது செய்தி ‘ஆம்’ என்னும் ஈறு பற்றியது. “பக்கத்து வீட்டுல ஒருத்தராம், மூணு மாசமா வேல இல்லயாம், பொண்டாட்டி கிட்ட சொல்லலயாம்” என்று ஒருவர் தொடங்குவார். பிறர் வாய்க் கேட்டதைக் குறிக்கும் இந்த ஈற்றுக்குப் பின்னால் பல சமயங்களில் ‘நான்’ ஒளிந்திருக்கும். நடத்துபவர் அதைத் தோண்டக் கூடாது. “அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?” என்று அந்த ‘ஆம்’ உள்ளேயே நின்று கேட்க வேண்டும். மூன்றாம் கூட்டத்திலோ நான்காம் கூட்டத்திலோ அந்த ஈறு தானே உதிரும். உதிராமலும் போகலாம். அதனாலும் குற்றமில்லை.

மூன்றாவது, நாமும் நாங்களும். கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. மலாயில் கித்தா, காமி என்று உண்டு. அமைப்பிலிருந்து வந்தவர், “நாங்கள் உங்களுக்கு உதவ வந்திருக்கிறோம்” என்றதுமே இரு கரைகள் ஆகிவிடுகின்றன. அவசரப்பட்டு “நாம் எல்லாரும் ஒன்று” என்றால் அது பொய்யென்று உடனே தெரிந்துவிடுகிறது. மாலையில் காரேறிப் போகிறவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே ‘நாம்’ என்ற சொல்லை நடத்துபவர் தாமே எடுத்துக்கொள்ளலாகாது. குழு கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குழு உருவாகிவிட்டதா என்று அறிய வினாத்தாள் வைத்து அளக்கிறார்கள். நான் இந்த ஒரு சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பெயரிடுவதில் தவறியவன் நான் ஒருவன்தான் என்றில்லை என்பது எனக்கு ஓரளவு ஆறுதல். ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006 இல் ஹராரே நகரத்து எம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே மர இருக்கையில் அமர்ந்து மக்களின் துயரைக் கேட்கச் செய்தார். அதற்கு அவர் ‘மனநல இருக்கை’ என்று பெயர் வைத்தார். யாரும் வரவில்லை. ‘நட்பு இருக்கை’ என்று மாற்றச் சொன்னவர்கள் அந்தப் பாட்டிமார். மனச்சோர்வு என்ற நோய்ப்பெயரையும் விலக்கி, ஷோனா மொழியில் மக்கள் தாமே வழங்கிய ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அளவுக்குமீறி யோசித்தல் என்பது அதன் பொருள். “ரொம்ப யோசன பண்றான்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கவலையோடு சொல்வதும் அதுதானே? அம்முறையால் பயன் விளைந்ததை 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சோதனை காட்டியது. இருக்கையில் தனியே பேசியவர்கள் பின்னர்க் குழுவாகக் கூடுகிறார்கள். கூடும்போது கைகள் சும்மா இருப்பதில்லை; பை பின்னிக்கொண்டே பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் ஒரு சிகிச்சை அறக்கட்டளையைத் தொடங்கினார். சிற்றூர் மக்கள் சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெற இயலாது என்று கண்டு, மஞ்சக்குடி என்னும் காவிரிப்படுகை ஊருக்கே முகாமைக் கொண்டுபோனார்கள். குடிப்பவரோடு அவர் மனைவிக்கும் குடும்பத்தார்க்கும் அங்கே இடம் இருந்தது. ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பேற்றனர். அந்தப் பட்டறிவை அவர் 1994 இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். இதனோடு நம் நாட்டு வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1947 இல் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து வீரத்தோடு போராடியது. அதே படை குடித்தவரைத் தண்டிக்கவும் செய்தது. அவர்களின் நோக்கத்தை நான் வணங்குகிறேன். ஆனால் தண்டனைக்கு அஞ்சியவன் தன் குடியைப் பற்றி யாரிடமும் பேசமாட்டான்.

அந்த ஜாசின் மண்டபத்துக்கு மீண்டும் போனோம். இம்முறை கையேட்டை எடுத்துச் செல்லவில்லை. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். முதலிலேயே தேத்தண்ணி கொடுத்தோம். கீரை ஆய்வதற்கு ஒரு கூடை முருங்கைக்கீரை கொண்டுவந்தது முன்பு மழையைப் பற்றிக் கேட்ட அதே மூதாட்டி. நடத்திய பெண்ணை அவர்கள் ‘ஏதுவாக்குநர்’ என்று அழைக்கவில்லை. ‘உம் கொட்டுற பொண்ணு’ என்று அழைத்தார்கள். கதை சொல்லும்போது ஒருவர் உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது நம் பாட்டிமார் விதி. நாற்பது பக்கத்தில் நான் விளக்க முயன்ற பணியை அந்த ஒரு சொல்லில் அவர்கள் வைத்துவிட்டார்கள்.

அன்றும் பாதி நேரம் விலைவாசியும் மருமகளுமாகவே போயிற்று. மகனைப் பற்றி அண்டாவுக்கு அருகில் பேசிய பெண் வந்திருந்தாள், வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறையும் திறக்கவில்லை. நான்காம் முறை கீரையைப் பார்த்தபடியே, “அறைக்கு வெளியில தட்ட வச்சிட்டு உக்காந்திருப்பேன். உள்ள மூச்சு விடுற சத்தம் கேக்குதான்னு” என்றாள். ஒருவர், “டாக்டர்கிட்ட காட்டலாமே” என்று தொடங்கினார். மூதாட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நெடுநேரம் கழித்து, “நாம பெத்ததுங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி அடஞ்சி கெடக்குதுங்க” என்றார். கேட்டுக்கொண்டிருந்த ‘நாம’ அன்றுதான் வந்தது.

அடுத்த வாரம் மருத்துவரிடம் போக அந்தப் பெண்ணே துணை கேட்டாள். இருவர் உடன் போனார்கள். இதையும் மாணவர்கள் கருத வேண்டும். குழு மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. நம் நாட்டில் 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே தம்மைக் கவுன்சலர் என்று அழைத்துக்கொள்ளலாம். உம் கொட்டுபவர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளக் கூடாது. உயிருக்கு ஊறு என்று தோன்றினால் ஒரு மணி நேரமும் தாழ்த்தக் கூடாது. 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் போன்ற தொலைபேசிச் சேவைகளை நடத்துபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆசிரியர் கூட்டங்களில் தேர்ச்சி விகிதம் பேசப்படுகிறது. பாடம் நடத்தும் முறை பேசப்படுகிறது. காலையில் பசியாறாமல் வந்து மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையைப் பார்க்கும்போது ஆசிரியரின் நெஞ்சில் எழுவது எங்கும் பேசப்படுவதில்லை. பாலிண்ட் மருத்துவர்களுக்குச் செய்ததை நாம் ஆசிரியர்களுக்குச் செய்யலாம். ஆறேழு பேர் போதும். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போதும். தலைமையாசிரியர் அதில் அமராதிருப்பது நலம். குறிப்பேடு எழுதாதிருப்பது அதனினும் நலம். அங்கே கேட்டது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். எல்லாரும் எல்லார்க்கும் உறவான சிறிய சமூகத்தில் இதுவே கடினமான விதி. வேறு பள்ளி ஆசிரியர்களோடு கலந்து அமர்வது ஒரு வழி. அறிவுரை கூறுவதை ஒரு மணி நேரம் அடக்கிக்கொள்வது ஆசிரியர்க்கு எவ்வளவு கடினம் என்பதை முப்பதாண்டு கற்பித்த நான் அறிவேன். ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியம் வாயில் எழும்போதெல்லாம் ஒரு மிடறு தேநீர் குடியுங்கள்.

என் கையேட்டைத் திருத்தி எழுதியிருக்கிறேன். நாற்பது பக்கம் இப்போது பதினொரு பக்கமாகியிருக்கிறது. அதில் ‘வெளி’ இல்லை, ‘ஏதுவாக்குநர்’ இல்லை. படி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே என்னைக் காணலாம்.